பின் சீட்டுக்கு அடியில்

மெக்கானிக்கின் கார் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்டுவிடும். முதலில் ஒரு இருமல், அடுத்து தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம், வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் அரை நிமிஷம் ஒரு முனகல். நீல வண்டி. ஆனால் பானெட் சாம்பல் நிறம், இடப்பக்க முன்கதவு வெள்ளை. இரண்டும் வேறு வேறு வண்டிகளிலிருந்து கழற்றி மாட்டியவை. ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கிவிடாமல் இருக்க மடித்த அட்டையைச் செருகியிருந்தார். அந்த வெள்ளைக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அவர் இறங்கிச் சுற்றிவந்து திறந்துவிட்டால்தான் மனைவி இறங்க முடியும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் இதை நாலு நாள் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் உங்கள எப்படித் தாங்குறாரு!" என்றாள். மெக்கானிக்கின் மனைவி சிரித்துவைத்தாள். உள்ள சங்கதியைச் சொல்லவில்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. கொதிக்கும் தண்ணீரும் நீராவியுமாக இருக்கும் நீளமான அறை. ஒரு பக்கம் அழுக்கு வரும், மறுபக்கம் மடிப்பாகப் போகும். டாக்டர்கள் கோட்டு, நர்சுகள் கவுன், நோயாளிகள் சட்டை என்று எது வந்தாலும் மெஷினில் போடுமுன் பையைத் தடவிப் பார்ப்பது அவள் பொறுப்பு. பேனா, ஊசி மூடி, சாவி, காதல் கடிதம் எல்லாம் அவள் கையில் சிக்கியிருக்கின்றன. பிற்பகலில் போர்வை மடிப்பார்கள். எதிர்முனையைப் பிடிப்பவள் நெட்டை. ஆளும் உயரம், வாயும் நீளம்.

"உன் வீட்டுக்காரர் வண்டில ஏறணும்னா மொதல்ல இங்க வந்து ஊசி போட்டுக்கிட்டுத்தான் ஏறணும் போல. நேத்து லேசா கைய வெச்சேன், துரு கையோட வந்துருச்சு" என்பாள்.

"ஓடுது இல்ல?"

"ஓடாம என்ன, பயந்துபோய் ஓடுது."

கூடம் முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் ஒரு கேள்வி அவளுக்குள் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது. ஊரில் அத்தனை பேர் வண்டியையும் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடவைக்கிற மனிதர், தன் வண்டியை ஏன் இப்படி வைத்திருக்கிறார்? கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடம், "நேரம் எங்க சார் இருக்கு?" டீக்கடைக்காரரிடம், "நாள் முழுக்க வண்டிக்கு அடியில கிடந்துட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா?" மகளிடம், "புது வண்டி என்னைக்குக் காலை வாரும்னு தெரியாது. இது என்ன பண்ணும்னு எனக்கு அத்துப்படி." மனைவியிடம் மட்டும், "விடேன்." மூன்று காரணம் சொல்கிறவர் நாலாவதை மறைக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

மறைக்கிறார் என்று நினைக்கக் காரணமும் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் ஊரின் பெரிய ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். முப்பது பேர் வேலை செய்கிற இடம். ஒருநாள் நண்பகலில் டூல்ஸ் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். "இனி அங்க போகல" என்றார். ஏன் என்று கேட்டதற்குக் குளிக்கப் போய்விட்டார். அங்கிருந்து ஒருவரும் தேடி வரவில்லை. திருடிவிட்டாரா, துரத்திவிட்டார்களா, அங்கே கணக்கெழுதும் பெண்ணோடு ஏதாவதா என்று அவள் யோசிக்காத வகையில்லை. அவர் இல்லாத நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தாள். ஸ்பேனர்களும் கிரீஸும்தான். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் சந்தேகம் போய்விடுமா? இன்னும் நன்றாக ஒளித்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. பிறகு மரக்கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு அவரே தனியாகத் தொழில் பார்க்க ஆரம்பித்தார்.

இன்னொன்றும் கவனித்திருந்தாள். ரோட்டில் பளபளவென்று ஒரு கார் போனால் அவர் கண் அதன் பின்னாலேயே போகும். சிக்னலில் பக்கத்தில் நின்றால் அதன் கதவையே வெறித்துப் பார்ப்பார். ஆசைதான், வேறென்ன என்று எடுத்துக்கொண்டாள். ஆசை இருக்கிறது, வெளியே காட்டத்தான் வீம்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய தம்பி புதுக் கார் ஓட்டிக்கொண்டு வந்தான். புதுசு என்றால் அவனுக்குப் புதுசு. ஒரு கை மாறியதுதான். ஆனால் வெள்ளிபோல மின்னியது. அவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவன். பத்து வருஷம் இரண்டு சக்கரத்தில் அலைந்து இப்போதுதான் நாலு சக்கரம்.

மெக்கானிக்கின் மகள் துணியைக்கூட மாற்றாமல் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நர்சிங் முடித்து மலைமேல் இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிற சனிக்கிழமை போய் ஹாஸ்டலில் சேர வேண்டும். மெத்தை, பெட்டி, பாத்திரம், புத்தகம் என்று மூட்டை நிறைய இருந்தது.

"சனிக்கிழமை நானே கொண்டுபோய் விடுறேன். அக்கா, நீயும் வா. நாலு மணி நேரம்தான். பாட்டு போட்டுக்கிட்டு ஜம்முனு போகலாம்" என்றான் தம்பி.

"அப்பா கொண்டுபோய் விடறேன்னாரே" என்றாள் அக்கா, ஒரு முறைக்கு.

மகள் முகம் சுருங்கியது. "அந்த வண்டியிலயா? ஹாஸ்டல் வாசல்ல எல்லாரும் நிப்பாங்கம்மா."

மெக்கானிக் கை கழுவிக்கொண்டே இதைக் கேட்டார். துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, "நல்லாருக்கு மாப்ள" என்றார். பின்கதவைத் திறந்து சாத்தினார். மறுபடியும் திறந்து மெதுவாகச் சாத்தினார். கதவுக்கும் பாடிக்கும் இடையிலான சந்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனார். பிறகு, போட்டிருந்தது நல்ல சட்டை என்பதையும் பாராமல், தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை நீட்டினார்.

"மாமா, ஞாயித்துக்கிழமையாச்சும் லீவு விடுங்க" என்று தம்பி சிரித்தான்.

அவர் எழுந்தார். முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். தட்டில் வைத்த முட்டையைத் தொடவே இல்லை.

"எங்க வாங்குன?"

"அடுத்த ஊர்ல ஒரு புரோக்கர். ஏன் மாமா?"

"இந்த வண்டில பொண்ண அனுப்ப வேணாம்."

கை கழுவப்போன தம்பி திரும்பினான். "ஏன்?"

"வண்டி சரியில்ல."

"என்ன சரியில்ல? எஞ்சினா? பிரேக்கா?"

"சரியில்லன்னா சரியில்ல. நீயும் ஓட்டாத. குடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடுத்துரு."

"காரணம் சொல்லுங்க மாமா. நாப்பது வண்டி பாத்து இதை எடுத்திருக்கேன்."

மெக்கானிக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, தப்பா எடுத்துக்காத. வீட்டுக்கு வீடு மெஷினைக் காட்டுறவன் நான், மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். இது வண்டில இருக்குற குறை இல்ல."

"பின்ன?"

"வயித்தெரிச்சல்."

அவள் அவனை அடக்கினாள். ஆனால் அன்று அவன் போன பிறகு பாத்திரம் தேய்க்கும்போது அந்த வார்த்தை தண்ணீர்க் குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் படுத்திருந்த அறைக்குப் போய், "அப்படி என்னதான் குறை?" என்று கேட்டாள். "சொன்னாப் புரியாது" என்றார். "இருபத்திரெண்டு வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன், எனக்கா புரியாது?" என்றதற்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவர் சரியாகப் பேசவில்லை. மகளிடம், "நான் புது சீட் கவர் போடுறேன், நம்ம வண்டியிலயே போகலாம்" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை போர்வை மடிக்கும்போது மெக்கானிக்கின் மனைவி இதை நெட்டையிடம் சொன்னாள்.

"அவங்க அப்படித்தான்டி. அடுத்தவன் பாத்த வண்டியில குறை சொல்லாத மெக்கானிக்க நீ பாத்திருக்கியா? டாக்டருங்களும் அப்படித்தானே" என்றாள் நெட்டை.

"இல்ல. இவரு குறை சொல்லலைங்கறதுதான் இடிக்குது. சும்மாவே ஒரு நட்டு லூஸுன்னா அரைமணி நேரம் பேசுவாரு."

"அப்ப உன் தம்பி மேல ஏதாச்சும் கோபமோ?"

போர்வையின் நான்கு முனையும் சேர்ந்தன. நெட்டை அதை வாங்கி அடுக்கில் வைத்தாள். மெக்கானிக்கின் மனைவிக்கு மட்டும் எதுவும் சேரவில்லை.

தம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டான். சனிக்கிழமை வெளுத்ததும் கிளம்பலாம் என்று ஏற்பாடு. மூட்டைகளை ஏற்றி வைத்தார்கள். மெக்கானிக் ஏற்றவும் உதவவில்லை, தடுக்கவும் இல்லை. அதுவே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. விடிந்தபோது தூறல். மகள் சாமான்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ஏறினாள். தம்பி சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவே இல்லை.

"மாமா, கொஞ்சம் பாருங்களேன்."

மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்து இரண்டு ஒயரைத் தொட்டார். எந்த வண்டியைத் திறந்தாலும் டாக்டர் நாடி பிடிப்பதுபோலக் காதைச் சாய்த்துக் கேட்கிறவர், இதில் கடைக்கு வந்த ஆள் விலை கேட்காமல் போவதுபோலப் பார்த்துவிட்டு மூடினார். "பெட்ரோல் பம்ப் போயிருக்கு. சாமான் வர ரெண்டு மூணு நாள் ஆகும்."

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே!"

"போறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் ஓடும்."

மகள் அழுதுவிட்டாள். அவளோடு படித்து அதே ஆஸ்பத்திரியில் சேரும் பெண் ஏழு மணி பஸ்ஸில் போவது தெரியும். அவசரமாக இரண்டு பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மெத்தையும் பெட்டியும் பின்னால் வரட்டும். அப்பாவின் நீல வண்டியில்தான் பஸ் நிலையம் போனாள். வழி முழுக்க அவர் பக்கம் திரும்பவில்லை. பஸ் நகர்ந்தபோது அம்மாவுக்கு மட்டும் கையசைத்தாள். மெக்கானிக் அப்போதும் சும்மா நின்றார். ஆனால் பஸ் வளைவில் மறைந்ததும் அவர் விட்ட மூச்சு பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டது. பெண்ணைப் பிரிந்த அப்பா விடுகிற மூச்சாக அது அவளுக்குத் தெரியவில்லை. பரீட்சையில் தப்பித்த பையன் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது.

அவர் அங்கிருந்தே கொட்டகைக்குப் போய்விட்டார். அவள் வீட்டுக்கு வந்தாள். தம்பி ஹாலில் போனில் யாரிடமோ பம்ப் விலை விசாரித்துக்கொண்டிருந்தான். லீவு போட்டாயிற்று, சும்மா இருப்பானேன் என்று துணியை ஊறவைக்கப் போனாள். அவர் நேற்றுப் போட்டிருந்த சட்டையை எடுத்ததும் கை பழக்கத்தில் பையைத் தடவியது. தீப்பெட்டியில் பாதி இருக்கும், கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் கட்டி. அடியில் நாலு செம்புக் கால்கள். கிரீஸ் இல்லை, தூசியும் இல்லை. இவ்வளவு சுத்தமான எதுவும் அவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து அவள் பார்த்ததில்லை.

அவள் தம்பியைக் கூப்பிட வாயெடுத்தாள். என்ன தோன்றியதோ, அதைக் கைக்குள் மூடிக்கொண்டு குடையை எடுத்தாள்.

கொட்டகைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரிய வண்டிக்கு அடியில் அவர் படுத்திருந்தார். இரண்டு கால்கள்தான் தெரிந்தன. அவள் அந்தக் கால்களிடம் பேசினாள்.

"வெளிய வாங்க."

"என்ன? பாப்பா போன் பண்ணாளா?"

"வெளிய வாங்கன்னேன்."

அவர் முதுகால் நகர்ந்து வெளியே வந்தார். படுத்தபடியே அண்ணாந்து பார்த்தார். அவள் கையை விரித்தாள்.

"இது என்ன?"

"எங்க இருந்துச்சு?"

"உங்க சட்டைப் பையில. ஊர்ல எல்லார் பையையும் தடவிப் பாக்குறவ நான். எங்கிட்டயே மறைக்கறீங்களா? இது இல்லாமத்தான் அவன் வண்டி எந்திரிக்கல, அப்படித்தானே?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஆமா. ரிலே. பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் குடுக்கற சாமான்."

"என் தம்பி நல்லா இருக்கறது பொறுக்கல."

"அப்படியே வெச்சுக்க."

"வெச்சுக்க மாட்டேன்" என்று கத்தினாள். "பொறாமைன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்க, திருட மாட்டீங்க. பெத்த பொண்ண அழவெச்சுப் பஸ்ல ஏத்திவிட்டீங்களே, எதுக்கு? இன்னைக்குச் சொல்லல, இதைக் கொண்டுபோய் அவன் கையிலயே குடுத்துருவேன்."

"குடுக்காத."

"அப்ப சொல்லுங்க."

அவர் பக்கத்தில் கிடந்த பழைய துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த விரலையே மறுபடி துடைத்தார்.

"அது ஒரு வண்டி இல்ல."

"என்ன?"

"அது ரெண்டு வண்டி. ஒண்ணு முன்னாடி நொறுங்குனது. இன்னொண்ணு பின்னாடி நொறுங்குனது. நடுவுல வெட்டி, நல்ல பாதி ரெண்டையும் சேத்து ஒட்டிருக்கு. மேல பட்டி போட்டு இழைச்சு பெயிண்ட் அடிச்சுட்டா யாருக்கும் தெரியாது. நேரா போறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. யாராச்சும் வேகமா வந்து இடிச்சான்னா ஒட்டுன எடத்துலயே ரெண்டாப் போயிரும். உள்ள இருக்குறவங்களும்."

மழை இன்னும் வலுத்தது. அவள் குடையை மடக்காமலே நின்றிருந்தாள்.

"ஒரு தடவை அடியில பாத்துட்டு இவ்வளவும் எப்படித் தெரியும்?"

"ஒட்டுனது நான்தான்."

அவள் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரிய ஒர்க்‌ஷாப்புல இருக்கும்போது. முதலாளி பழைய இரும்புக்கடையில இருந்து வாங்கிட்டு வருவாரு. செய்டான்னாரு, செஞ்சேன். மொத வண்டி முடிச்சப்ப எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. எங்க ஒட்டிருக்குன்னு அவராலயே கண்டுபிடிக்க முடியல. இது ரெண்டாவது. அப்ப பச்சைக் கலரு. இப்ப கலரு, நம்பரு எல்லாம் மாத்திட்டாங்க. அன்னைக்குக் கதவச் சாத்துனப்பவே சந்தேகம். படுத்துப் பாத்தேன். அப்ப ஒட்டும்போது பின் சீட்டுக்கு அடியில தகடு கொஞ்சம் பத்தல. பெயிண்ட் டின் ஒண்ண வெட்டி வெச்சுத் தச்சேன். மஞ்ச டின்னு. என் வெல்டிங் எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா, யாரு செஞ்சதுன்னு அடுத்த கேள்வி வரும்ல? பொண்ணு முன்னாடி."

"மொத்தம் எத்தனை?"

"மூணு. மூணாவது ஒரு வாரத்துல திரும்பி வந்துச்சு. ஒட்டு அசைஞ்சு பின்கதவு சரியா சாத்தல. லாட்ச்ச ராவி விடுன்னாரு முதலாளி. ராவி அனுப்புனேன். மறுநாள் நின்னுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் ஏதோ பாக்கியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதற்குமேல் கேட்க அப்போது அவளுக்குத் தெம்பில்லை.

"எதுக்குடா இப்படி ஒரு வண்டிய வெச்சிருக்கான்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு ரோட்டுல போற எந்த வண்டியையும் நம்பத் தோணல. மினுமினுன்னு இருந்தா இன்னும் பயம். நம்ம வண்டில பிரேக்கு, ஸ்டியரிங்கு, டயரு எதுலயும் நான் குறை வெக்கல. துரு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்னுதான் பெயிண்ட் அடிக்கல."

சிக்னலில் பக்கத்து வண்டியின் கதவை அவர் வெறித்துப் பார்ப்பது அவள் நினைவுக்கு வந்தது. ஆசை என்று நினைத்தாளே. ஐந்து வருஷமாக ஒவ்வொரு வண்டியின் சந்திலும் தன் கைவேலையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆனாலும் அவள் எதையும் சொல்கேட்டு நம்புகிறவள் அல்ல. வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் சாவியை வாங்கினாள். மெத்தையை இறக்கப் போகிறேன் என்றாள். மெத்தையையும் பெட்டியையும் மழையிலேயே இறக்கிவிட்டுப் பின் சீட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை உந்தி இழுத்ததும் கிளிப் விட்டு மேலே வந்தது. அடியில் கறுப்பு விரிப்பு. அதை உரித்தாள். வண்டியின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஆபரேஷன் செய்த வயிற்றில் ஓடும் தழும்பு மாதிரி ஒரு புடைப்பு ஓடியது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம். மேலே துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்பு மருந்து பூசியிருந்தது. வளையலால் சுரண்டினாள். மஞ்சள்.

"என்னக்கா பண்ற?" தம்பி பின்னால் நின்றிருந்தான்.

அவள் விலகி நின்று காட்டினாள். ரெண்டு வண்டி என்பதைச் சொன்னாள். செய்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் குனிந்து பார்த்தான், விரலால் தடவினான். நிமிர்ந்தபோது முதலில் தெருவைத்தான் பார்த்தான், யாராவது கவனிக்கிறார்களா என்று.

"சீட்ட மூடு."

"என்னடா?"

"மூடுக்கா. யார்கிட்டயும் சொல்லாத. மாமாவும் சொல்ல வேணாம்னு சொல்லிரு. எப்படியாச்சும் ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கச் சொல்லு. ஒரே வாரம். வேற யார் தலையிலயாச்சும் கட்டிடுறேன்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். சின்ன வயசில் அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவந்திருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இவ்வளவுன்னு தெரியாது. புரோக்கர் லேசா ஒரு ஆக்ஸிடென்ட் வண்டின்னான். விலையும் குறைச்சலா இருந்துச்சு. நான் நோண்டிக் கேக்கல."

"கேக்காமத்தான் என் பொண்ண இதுல மலையேத்தப் பாத்தியா?"

"எனக்கு மட்டும் ஆசை இருக்காதாக்கா? ஒருநாளாச்சும் நான் வந்து எறங்குறத நாலு பேரு பாக்க வேணாமா?"

அதைக் கேட்டு அவளுக்குக் கோபத்தோடு பாவமாகவும் இருந்தது. அவனைத் தூக்கி வளர்த்தவள். அவள் ஏதோ சொல்வதற்குள் நீல வண்டியின் இருமல் தெருமுனையில் கேட்டது. மெக்கானிக் இறங்கி வந்தார். பெயர்ந்து கிடந்த சீட்டைப் பார்த்தார். மழையில் நனைந்த மெத்தையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நாலே வாக்கியம். தம்பி அவர் சட்டையைப் பிடிக்கப்போய், அக்கா முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். "செய்யறதையும் செஞ்சுட்டு, எனக்கு நல்லது சொல்ற மாதிரி திருப்பிக் குடுன்னீங்களே! திருப்பிக் குடுத்தா அது எங்க போயிருக்கும்? இன்னொருத்தன் தலையிலதான?" என்றான்.

அவள் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் புருஷனும் தம்பியும் ஒன்றுதான். தன் வீட்டு வாசலை விட்டுப் போனால் போதும். அவளும்தான்! மகள் பஸ்ஸில் ஏறியாயிற்று, இனி என்ன என்று கொட்டகையிலிருந்து வரும்போது ஒரு கணம் நினைக்கவில்லையா?

"ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றாள்.

"என்ன பேசறன்னு தெரியுதா? என்னையும் சேத்துத்தான் எழுதுவாங்க" என்றார் மெக்கானிக்.

"எழுதட்டும். இன்னும் ரெண்டு வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. அதுல யாரோ வீட்டுப் பொண்ணு போய்க்கிட்டு இருக்கா."

"ஜெயில்ல வெச்சாலும் வைப்பாங்க."

"வந்து பாக்கறேன். உங்க சட்டைப் பையத் தடவிப் பாக்கற இந்த வாழ்க்கைக்கு அது மேல்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குனிந்தபடியே அசைத்தார். தம்பி உள்ளே போய்த் தன் பையை எடுத்தான். "இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்" என்றான். ஆனால் போகிறபோது ஆர்.சி. புத்தகத்தையும் மாற்றுச் சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போனான். மழையில் குடை இல்லாமல் நடந்து போனவனை அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுதுவிடுவாள் என்று இருந்தது.

ஸ்டேஷனில் ரைட்டர் மட்டும் இருந்தார். நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி. மெக்கானிக் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்க மேல நீங்களே புகார் குடுக்க வந்திருக்கீங்களா?"

"ஆமா சார்."

"முதலாளியோட ஏதாச்சும் தகராறா? பழிவாங்கறீங்களா?"

"இல்ல சார்."

"அஞ்சு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?" ரைட்டர் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, இவரு நல்லாத்தானே இருக்காரு? குடிச்சுக் கிடிச்சு...?"

"நல்லா இருக்காரு. நீங்க எழுதுங்க" என்றாள்.

ரைட்டர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார். முதல் வண்டி என்ன வண்டி, என்ன கலர், எந்த மாசம் என்று வரிசையாகக் கேட்டார். மெக்கானிக் தடுமாறாமல் சொன்னார். பழைய நம்பர்களைக்கூட, சொந்தப் பிள்ளையின் பிறந்த தேதி சொல்வதுபோலச் சொன்னார். ரைட்டர் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒருதடவை பார்த்துக்கொண்டார். இரண்டாவது வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையும் எழுதிக்கொண்டார்.

"மூணாவது?"

நம்பரைச் சொன்னார். அடர் சிவப்பு என்றார். ரிப்பேருக்குத் திரும்பி வந்தது என்றார்.

"வேற அடையாளம்?"

மெக்கானிக் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அது திரும்பி வந்தப்ப பின் சீட்ல ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்க சார். சின்னவன் தூங்கிட்டு இருந்தான். பெரியவ, ஆறு ஏழு வயசு இருக்கும். கதவு திறந்துக்கும்னு வழி முழுக்க ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கா. கையெல்லாம் சிவந்துபோயிருந்துச்சு. நான் லாட்ச்ச ராவி முடிச்சுட்டு, இனிமே பயமில்ல, கைய எடுத்துக்கம்மான்னு சொன்னேன். எடுத்துக்கிட்டா. எனக்கு டாட்டா காட்டுனா."

ரைட்டரின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது.

"அதெல்லாம் வேணாங்க. வண்டியோட அடையாளம் மட்டும் சொன்னாப் போதும்."

அவள் நாற்காலியை இழுத்து மேஜைக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதையும் எழுதுங்க சார்" என்றாள்.